வளைகாப்பில் நான் பாடிய பாட்டு

என் தங்கையை எல்லோரும் ‘அது’ என்றே சொன்னார்கள். ‘அது தங்கல.’ ‘அது போனாப் போகட்டும், அடுத்தது நல்லபடியா வரும்.’ ‘அதையே நெனச்சுக்கிட்டு இருந்தா ஒடம்பு கெட்டுடும்.’ பச்சைக் குழந்தையை அது என்று சொல்வது தமிழில் வழக்கம்தான், அதில் ஒரு பிரியம்கூட உண்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர்கள் சொன்னது அந்த ‘அது’ இல்லை. வாங்கி வரும் வழியிலேயே உடைந்துபோன சாமானைப் பற்றிப் பேசுகிற ‘அது’. இத்தனை வருடம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் காது சூடாகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நாங்கள் நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் குடியிருந்தோம். எந்தக் கட்டடம் யாருடையது என்று எண்ணைப் பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு ஒரே அச்சில் வார்த்த அபார்ட்மென்ட்கள். அப்பா காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி நியூயார்க்குக்கு வேலைக்குப் போவார். அம்மாவிடம் இருந்தது வேலை பார்க்கக் கூடாத விசா. சென்னையில் இசைக் கல்லூரியில் படித்தவள், இங்கே கொலு வீடுகளிலும் வளைகாப்புகளிலும் பாடினாள். சனிக்கிழமைகளில் எங்கள் வரவேற்பறையில் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் சரளி வரிசை பாடுவார்கள். அந்தக் குடியிருப்பில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும், பூ யார் கொண்டு வருவது என்று யோசிப்பதற்கு முன்பே பாட்டு யார் என்பது முடிவாகியிருக்கும்.

அம்மா என் தங்கையைச் சுமந்த எட்டாம் மாதத்தில் ஒரு நாள், வயிற்றில் குழந்தை அசையவில்லை என்று சொன்னாள். அப்பா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மூன்றாம் நாள் இருவரும் திரும்பி வந்தார்கள். இருவர் மட்டும்.

முதல் வாரம் எல்லோரும் வந்தார்கள். ரசம், பொரியல், தயிர் சாதம் என்று டப்பா டப்பாவாகக் கொண்டு வந்தார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சோபாவில் உட்கார்ந்து, அம்மாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். கிரீன் கார்டு, பனி, யார் வீடு வாங்கினார்கள் என்பது. அம்மா அழ ஆரம்பித்தால் யாராவது ஒருத்தி டிவியைப் போடுவாள். இரண்டாவது வாரம் யாரும் வரவில்லை. சனிக்கிழமைப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒவ்வொருவராக போன் செய்து, “நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க, கிளாஸ் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்கள். கொஞ்ச நாளைக்குக் கோயிலுக்கும் வர வேண்டாம், தீட்டு கழியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது என் அத்தை. அப்பாவின் அக்கா. எடிசனில், அரை மணி நேரத் தொலைவில், சொந்த வீட்டில் இருந்தாள். எங்களை அமெரிக்காவுக்கு வரச் சொன்னதே அவள்தான் என்பதால், எங்கள் வீட்டில் எந்த முடிவும் அவள் காதைத் தாண்டித்தான் போகும்.

அம்மா பாடுவதை நிறுத்திவிட்டாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தம்புராப் பெட்டி, சுருதி சேர்க்கும் அந்தச் சின்ன எலக்ட்ரானிக் பெட்டி, புத்தக அலமாரிக்கு மேல் ஏறிக்கொண்டது.

எங்கள் கதவுக்கு நேரெதிர் கதவு மிரியம் ஆன்ட்டியுடையது. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தாள். கணவர் பிரிந்து போய்விட்டார். மகள் டீனா என் வகுப்பு. அவர்கள் யூதர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான் இருப்பேன். மெழுகுவத்தி ஏற்றி, பின்னல் போட்ட ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டு, பிறகு மேஜையைத் தட்டிக்கொண்டு பாடுவார்கள். நண்பர்கள் நாலைந்து பேர் வருவார்கள். என் அம்மாவின் மகளாகச் சொல்கிறேன், அவர்களில் ஒருவருக்கும் சுருதி நிற்காது. மிரியம் ஆன்ட்டிக்கு மேல் ஸ்தாயியே கிடையாது. ஆனால் யாரும் அதற்காக வாயை மூடிக்கொண்டதில்லை.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, நூடுல்ஸில் செய்த ஒரு இனிப்பை எடுத்துக்கொண்டு மிரியம் ஆன்ட்டி வந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தரையில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி, குழந்தையின் பெயர் என்ன என்பது.

அத்தனை பேர் வந்து போனார்கள். ஒருவர் கேட்கவில்லை.

பெயர் வைக்கவில்லை என்று அம்மா ஆங்கிலத்தில் சொன்னாள். மிரியம் ஆன்ட்டி தலையை ஆட்டினாள். அதற்கு மேல் கேட்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை, டிவியைப் போடவும் இல்லை. அம்மா அழுது முடிக்கிற வரை உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட அம்மா எதிர்வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. வார்த்தையே இல்லாத பாட்டு அது. லாய், லாய் என்று ஒரே மெட்டு, மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி தொடங்கிய இடத்துக்கு வரும். அதை நிகுன் என்பார்கள் என்று டீனா எனக்குச் சொல்லியிருந்தாள். வார்த்தைகளால் முடியாதபோது பாடுவதற்காக யாரோ பழைய காலத்து ஆட்கள் செய்து வைத்தது என்றாள். மிரியம் ஆன்ட்டி அம்மாவைப் பார்த்தாள். பாட்டை நிறுத்தாமலே காலால் ஒரு நாற்காலியைத் தள்ளினாள். வேறு யாரும் திரும்பி, ‘வாங்க’, ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்கவில்லை. அம்மா உட்கார்ந்தாள். மெட்டு நாலாவது சுற்றுக்கு வந்தபோது அவளுடைய விரல் தொடையில் தாளம் போட்டது. ஏழாவது சுற்றிலோ எட்டாவது சுற்றிலோ பாடினாள். அந்த மேஜையில் முதல் தடவையாக ஒருவர் சுருதியில் பாடியதைக் கேட்டு டீனா வாயைப் பிளந்தாள். நான் பெருமையில் ஒரு துண்டு ரொட்டியை அப்படியே விழுங்கி இருமினேன்.

அதற்குப் பிறகு அம்மா மிரியம் ஆன்ட்டியின் காரில் அவர்களுடைய கோயிலுக்கும் ஒரு தடவை வந்தாள். அவர்களும் ‘டெம்பிள்’ என்றுதான் சொன்னார்கள். வாசலில் ஒரு போலீஸ்காரர் எங்கள் பையைத் திறந்து பார்த்தார். அந்த வருடங்களில் எங்கே போனாலும் பையைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே சாமி சிலை இல்லை, கற்பூரம் இல்லை. ஒரு பெண் கிதாரோடு நின்றிருந்தாள். பழைய மெட்டுகளும் பாடினார்கள், கோடை முகாமில் பிள்ளைகள் பாடுகிற மாதிரி பாதி ஹீப்ருவும் பாதி ஆங்கிலமுமாகப் புதுப் பாட்டுகளும் பாடினார்கள். கிழவர்கள் பழையதில் உரக்கவும் புதியதில் முணுமுணுப்பாகவும் பாடினார்கள். பிள்ளைகள் அப்படியே நேர்மாறாக. எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு மாமா அம்மாவிடம் நீங்கள் டாக்டரா என்று மூன்று தடவை கேட்டார்.

பாதியில் கிதார் நின்றது. முன்னால் நின்ற பெண், துக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நிற்கலாம், இறந்தவரின் பெயரைச் சொல்லலாம் என்றாள். அங்கங்கே எழுந்தார்கள். ஒருவர் அப்பா பெயரைச் சொன்னார். ஒரு பெண் கணவன் பெயரைச் சொன்னாள். எனக்குப் பக்கத்தில் புடவை சரசரத்தது. அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

“யமுனா” என்றாள்.

என் தங்கைக்குப் பெயர் இருந்தது எனக்கு அப்படித்தான் தெரியும். நூற்றைம்பது அந்நியர்களோடு சேர்ந்து எனக்கும் தெரிந்தது. பிரார்த்தனை சொன்னார்கள், பிறகு அந்த வார்த்தையில்லாத மெட்டை மெதுவாக ஆரம்பித்தார்கள். எழுந்து நின்றவர்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் குரல் ஏறியது. பின்வரிசையிலிருந்து முகம் தெரியாத ஒரு கை அம்மாவின் தோளில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது.

அடுத்த நாள் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே அந்த மெட்டைப் பாடினாள். பிறகு நோட்டை எடுத்து அதற்கு ஸ்வரம் எழுதினாள். சுருதிப் பெட்டி அலமாரியிலிருந்து இறங்கியது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நான் இப்போதும் கேட்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் யாரோ பார்த்திருக்கிறார்கள். நம்மவர்களுக்குப் பத்து மைல் சுற்றளவில் எந்த பார்க்கிங் லாட்டில் யார் யாருடைய காரிலிருந்து இறங்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அத்தையிடமிருந்து போன் வந்தது. அப்பா காய் நறுக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். அம்மா துணி துவைக்கக் கீழே லாண்டரி அறைக்குப் போயிருந்தாள். நான் மேஜைக்கு அடியில் பென்சில் தேடிக்கொண்டிருந்தேன்.

“என்னடா தம்பி, உன் பொண்டாட்டி சர்ச்சுக்குப் போறாளாமே?”

“சர்ச் இல்லக்கா. ஜூயிஷ் டெம்பிள். சும்மா, நெய்பர் கூப்பிட்டாங்கன்னு.”

“எதுவோ ஒண்ணு. தீட்டோட நம்ம சாமிகிட்டப் போகக் கூடாது, அவங்க சாமிகிட்ட மட்டும் போலாமா? கன்வெர்ட் பண்ணிட்டாங்களான்னு இங்க எல்லாரும் கேக்கறாங்க, நான் என்ன பதில் சொல்றது?”

கோயிலுக்கு வராதே என்று சொன்ன அதே வாய்! அம்மாவை எல்லாக் கதவுகளுக்கும் வெளியே நிறுத்திவிட்டு, திறந்திருந்த ஒரே கதவுக்குள் அவள் நுழைந்ததும், ஏன் நுழைந்தாய் என்று கேட்கிற நியாயத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அத்தை சொல்ல வந்தது அதுகூட இல்லை.

“சரி, அத விடு. அடுத்த சனிக்கிழமை மருமகளுக்கு வளைகாப்பு வெச்சிருக்கேன்ல. நீ கொழந்தையக் கூட்டிட்டு வந்துடு. அவ வேண்டாம். தப்பா நெனைக்காத. மொதப் பிரசவம். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க.”

அப்பாவின் கத்தி நின்றது. நான் மேஜைக்கு அடியிலிருந்து அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். ஆபீஸில் நாற்பது பேருக்கு மேனேஜர், ரயில் தாமதமானால் கண்டக்டரிடம் சண்டை போடுகிறவர்.

“சரிக்கா” என்றார்.

அம்மாவிடம் அவர் இதைச் சொன்ன விதம் அதைவிட மோசம். “உனக்கு அலைச்சல் வேண்டாம்னு பாக்கறேன். நாங்க ரெண்டு பேரும் தலையக் காட்டிட்டு வந்துடறோம்” என்றார். அத்தையின் மருமகளுக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவளுக்கு, வளைகாப்பில் இன்னின்ன பாட்டு பாடுவேன் என்று அம்மா முன்பே வாக்குக் கொடுத்திருந்தாள். நாங்கள் தங்கையை எதிர்பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், அண்ணிக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று தெரிந்ததுமே கொடுத்த வாக்கு. அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. “சரி” என்றாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்த ஒரு வார்த்தைதான் தெரியுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சனிக்கிழமை காலை என் பட்டுப் பாவாடையை இஸ்திரி போட்டு, எனக்குத் தலை பின்னி, வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

அத்தை வீட்டு பேஸ்மென்டில் வளைகாப்பு. ஆண்கள் எல்லோரும் மேலே டிவியின் முன்னால். கீழே முப்பது பெண்கள், கண்ணாடி வளையல்கள் அடுக்கிய தட்டுகள், சந்தனம், ஏழு வகைச் சாதம். நடுவில் நாற்காலியில் அண்ணி. இருபத்துமூன்று வயது இருக்கும். கல்யாணமாகி வந்து ஒரு வருடம்தான். நல்லவள். எனக்கு மருதாணி வைத்துவிடுவாள். ஆனால் அன்றைக்கு எனக்கு அவளையும் பிடிக்கவில்லை. அவளுக்காகத்தானே இது எல்லாம்!

பாட ஆள் இல்லை. ஒருத்தி ஆரம்பித்து இரண்டாவது அடியில் வார்த்தை மறந்து சிரித்தாள். சிடி போட்டார்கள், அது ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டது. “அவங்க இருந்திருந்தா...” என்று ஒரு ஆன்ட்டி ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் வளையல் தட்டை நகர்த்தி வைத்தாள். அப்போது அத்தை என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள்.

“நீ பாடு கண்ணு. உங்கம்மா சொல்லிக் குடுத்திருப்பால்ல? நம்ம வீட்டுப் பாட்டு நின்னுடக் கூடாது.”

நம்ம வீட்டுப் பாட்டு. பாட்டு வேண்டும், பாடுகிறவள் வேண்டாம். நான் அண்ணிக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்த மெட்டை ஆரம்பித்தேன்.

லாய், லாய். முதல் சுற்றில் பேச்சு நின்றது. இரண்டாம் சுற்றில் யாரோ தாளம் போட்டார்கள். “என்ன ராகம் இது, அழகா இருக்கே?” “நடபைரவி மாதிரி இல்ல?” “சேச்சே, சிந்துபைரவி.” மூன்றாம் சுற்றில் நாலைந்து பெண்கள் கூடவே முனகினார்கள். அது அப்படிப்பட்ட மெட்டு. ஒரு தரம் கேட்டால் போதும், உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்ணைத் திறந்தபோது அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தையின் முகத்தில் அவ்வளவு பெருமை. “பாத்தீங்களா, எங்க தம்பி பொண்ணு” என்றாள்.

நான் எப்போதும் பெரியவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வேன். அன்று எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகத் தமிழில் சொன்னேன்.

“இது செத்துப் போனவங்களுக்குப் பாடுற பாட்டு. எங்க பாப்பா செத்துப் போச்சுல்ல, அதுக்கு அம்மா கத்துக்கிட்டா. பாப்பா பேரு யமுனா. அம்மா வந்தா உங்க பாப்பாவும் செத்துடும்னு அத்தைதான் வர வேண்டாம்னு சொன்னாங்க.”

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. யாரோ “ஐயோ, வாய மூடு” என்றார்கள். யாரோ குங்குமத் தட்டைத் தட்டிவிட்டார்கள். அத்தை என் கையைப் பிடித்துத் தூக்கிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது. அண்ணியின் இரண்டு கைகளும், வளையல் குலுங்க, வயிற்றின் மேல் போய் நின்றன. அவள் முகம் வெளுத்துப்போனது. பிறகு அழ ஆரம்பித்தாள்.

காரில் அப்பா ரூட் ஒன் நெடுஞ்சாலை முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தோற்கவில்லை, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு வரி விடாமல். கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“அவ மொகம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“அத்தையோடதா?”

“அண்ணியோடது.”

“அழுதாங்க” என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அப்பாவின் கையிலிருந்து கார் சாவியை வாங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. “நான் வரேன்” என்றார் அப்பா. “நீங்க வர வேண்டிய நேரத்துல வரல” என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். என்னைப் பார்த்து, “நீ ஏறு” என்றாள்.

அத்தை வீட்டில் எல்லோரும் போயிருந்தார்கள். கதவைத் திறந்த அத்தை, கதவை அகலத் திறக்காமல் நின்றாள். பட்டுப் புடவையை இன்னும் மாற்றவில்லை.

“இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு வந்தே? பொண்ண அனுப்பி மொத்தமாக் கெடுத்தாச்சு. அவ சாப்பிடாம படுத்துக் கெடக்கா.”

“நான் அனுப்பல. கொஞ்சம் நகருங்க மதினி.”

“நீ மேல போகக் கூடாது.”

“நகருங்க மதினி” என்றாள் அம்மா மறுபடியும். குரலை உயர்த்தவில்லை. பாடுகிறவர்களுக்கு, கத்தாமலே ஒரு குரல் உண்டு. அந்தக் குரலில் சொன்னாள். அத்தை நகர்ந்தாள்.

மாடி அறைக் கதவு முழுதாக மூடவில்லை. நான் படியின் உச்சியில் உட்கார்ந்திருந்தேன். அத்தை படியின் அடியில், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மேலே நடந்த பேச்சு எங்கள் இருவருக்கும் கேட்டது.

“என் பொண்ணு பேசினதுக்கு மன்னிச்சிடும்மா. அது சாவுப் பாட்டு இல்ல. கல்யாணத்துலயும் அதத்தான் பாடுவாங்களாம், கொழந்தைக்குப் பேர் வெக்கிறப்பவும் பாடுவாங்களாம். அவளுக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியாதுதான். யாரும் சொல்லவில்லை.

“அதுக்கு அழல மாமி” என்றாள் அண்ணி. அழுதுகொண்டேதான் சொன்னாள். “உங்களுக்கு என்ன ஆச்சுன்னு எங்கிட்ட யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. உங்க பேர எடுத்தாலே பேச்ச மாத்தறாங்க. எனக்கும் அப்படி ஆயிடுமோன்னு டெய்லி பயந்துட்டு இருக்கேன். அசையுதா அசையுதான்னு தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கேன். யாரக் கேக்கறது? உங்களத்தான் கேக்கணும்னு இருந்தேன். நீங்களும் வரல.”

எந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அம்மாவை வாசலில் நிறுத்தினார்களோ, அவளை இத்தனை நாளும் தனியாகப் பயப்பட விட்டிருந்தார்கள். அம்மா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எந்த நாள், என்ன உணர்ந்தாள், டாக்டர் என்ன சொன்னார், குழந்தைக்கு எவ்வளவு முடி இருந்தது என்பது வரை. எனக்கே அதுவரை தெரியாதவை. எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்றும் சொன்னாள். பிறகு, நான் கல்லாக எடுத்து எறிந்த அந்த மெட்டை, அம்மா தாழ்ந்த குரலில் பாடினாள். மூன்றாவது சுற்றில் இன்னொரு குரல் சேர்ந்தது. அண்ணிக்கும் சுருதி நிற்கவில்லை. அம்மா அவளுக்காக இறங்கி, அவள் சுருதிக்கே வந்துவிட்டாள். நான் பார்க்க, ஒரு பாட்டுக்காரி அப்படிச் செய்தது அன்று மட்டும்தான்.

அத்தை படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவமானம், நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

அம்மா இறங்கி வந்தபோது அத்தை எழுந்து வழி விட்டாள். நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“என்ன பேரு சொன்னா, இவ? அந்தப் புள்ளைக்கு.”

“யமுனா.”

“எனக்கு ரெண்டு” என்றாள் அத்தை. “பேர் வெக்கல.”

அம்மா ஒரு செருப்போடு திரும்பிப் போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இது துளியும் பிடிக்கவில்லை. இவ்வளவு செய்தவளின் கையை எதற்குப் பிடிப்பது?

தன் மகன் பிறப்பதற்கு முன்னால் அத்தைக்கு இரண்டு பெண் குழந்தைகள் இறந்தே பிறந்தன என்பதும், இரண்டு தடவையும் அவளை ஒரு வருடம் யார் வீட்டு விசேஷத்திலும் சேர்க்கவில்லை என்பதும் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அது தெரிந்ததும் நான் அத்தையை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தனக்குச் செய்தது கொடுமை என்று தெரிந்தவள்தானே அதையே இன்னொருத்திக்கும் செய்தாள்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அவளுக்கு அப்படிச் செய்தவர்கள் மேலும் சேர்த்து இருக்கிறது.

ஆனால் அன்று காரில் எனக்கு அது எதுவும் தெரியாது. எடிசனைத் தாண்டி சிக்னலில் நின்றபோது என்னால் அடக்க முடியவில்லை. அத்தைக்கு எப்போதும் எல்லோரையும் விட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு கார், இரண்டு பிரிட்ஜ், நமக்கு ஒன்று என்றால் அவளுக்கு இரண்டு. “அத்தைக்கு எதுலயுமே ரெண்டு இருக்கணும்” என்றேன். “இதுலகூடவா பெருமை?”

சிக்னல் பச்சையானது. அம்மா அதைக் கடந்து, ஒரு கடை வாசலில் காரை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் பின்சீட்டில், கையைக் கட்டிக்கொண்டு, நான் சொன்னது சரிதான் என்று அவள் சொல்வதற்காகக் காத்திருந்தேன்.